விருந்தினர் ஏட்டில் இருந்த சொல்

அன்செல்மா மத்தூரினை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். நான் வேன் ஓட்டுகிறவன், பெயர் காஸ்பார். எங்கள் தீவின் காஸ்ட்ரிஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் வளைந்து வளைந்து வந்து, சூஃப்ரியேருக்கு மேலே மோர்ன் லெஸார் கோக்கோ தோட்டத்தில் இறக்கிவிடுவது என் வேலை. அங்கே அவர்களை வரவேற்று, முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டி, கடைசியில் கொப்பரைக்குள் ஏறி ஆடிக் காட்டுவது அவளுடைய வேலை.

கொப்பரை என்றால் அந்தக் காலத்தில் கருப்பஞ்சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரை. காய்ந்த கோக்கோ விதைகளை அதில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் ஆடி ஆடி மெருகேற்றுவோம். ஆடி முடித்தால் விதை பளபளக்கும். இரண்டு பேர் ஆடினால்தான் அது ஒழுங்காக வரும். எதிரெதிரே நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும்.

அன்செல்மாவின் எதிரே பதினெட்டு வருடம் நின்றவள் அவள் தங்கை தியோடோரா. பதினான்கு மாதம் இளையவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா செத்த பிறகு அதே வீட்டில், அதே இரண்டு கட்டிலில், அதே கோழிகளோடு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே குடையில் வருவார்கள். பெரியவள் பேசத் தொடங்கினால் சின்னவள் முடிப்பாள்.

கொப்பரையிலும் அப்படித்தான். அன்செல்மா ஆடிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொல்வாள்: "எங்க அம்மா சொன்னாங்க, நல்லா ஆடுற பொண்ணுக்குச் சீக்கிரம் மாப்பிள்ளை கிடைப்பான்னு. நான் சின்ன வயசுலேருந்து ஆடிட்டிருக்கேன்." உடனே தியோடோரா, "மாப்பிள்ளை எங்க கிடைச்சான்? காலுதான் வழுவழுன்னு ஆச்சு!" என்று தன் பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள். சிரிப்பு வெடிக்கும். நான் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். ஆயிரம் தடவையும் சிரித்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தது என் வேன்தான். ஆர்தர் ஹோல்ராய்ட் என்று லீட்ஸ் நகரத்து ஆள். அறுபத்து மூன்று வயது, மனைவியை இழந்தவர், ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் ஓட்டுநர் என்பதால் முன்சீட்டில் உட்கார்ந்து என்னிடம் கியரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். திரும்பும்போது ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தச் சின்னவங்க பேரு என்ன சொன்னீங்க?"

அவர் மூன்று தடவை திரும்பி வந்தார். நாங்கள் எல்லாரும் அதை வேடிக்கையாகப் பார்த்தோம். அன்செல்மாவும் கேலி செய்தாள். "உன் பஸ் வந்துடுச்சுடி" என்பாள். ஆனால் தியோடோரா அவரைக் கட்டிக்கொண்டு லீட்ஸுக்குப் போகப் பேப்பர்களுக்கு எழுதிப்போட்டு, விசா வாங்கி, பயணச்சீட்டும் வாங்கி, நாலு மாதம் அதை அக்காளிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னாள். திங்கட்கிழமை விமானம்.

அன்செல்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சரி" என்றாள். பிறகு கோழிக்குத் தீனி போடப் போனாள். திங்கட்கிழமை தியோடோராவை வ்யூ ஃபோர் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். அக்காள் வாசல்வரை வந்து, "துணி ஊற வச்சிருக்கேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அன்செல்மா தனியாக ஆடினாள். வேறு ஆளைச் சேர்க்கலாம் என்று தோட்டத்தில் சொன்னபோது, "எதுக்கு? நானே பாத்துக்கறேன்" என்றாள். கையை எங்கே வைப்பது என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் தொங்கவிட்டாள். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டாள். பேச்சில் ஒரு சொல் மாறவில்லை. கோக்கோ காயை வெட்டும்போது அதே வார்த்தை, விதையைப் புளிக்க வைக்கும் பெட்டியைத் திறக்கும்போது அதே வார்த்தை. ஆனால் கூட்டத்தின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துச் சொல்வாள். மாப்பிள்ளை வசனத்தில் தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவாள். தங்கை பதில் சொல்கிற அளவுக்கு நேரம் விடுவாள். யாரும் சிரிக்க மாட்டார்கள், என்ன நடக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அவள் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவாள். அந்த இடைவெளியில் நான் வெளியே போய் வேனின் கண்ணாடியைத் துடைப்பேன். நின்று கேட்க முடியாது.

ஞாயிறுதோறும் தியோடோரா லீட்ஸிலிருந்து கூப்பிடுவாள். அன்செல்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா... இல்ல... சரி... நல்லாத்தான் இருக்கேன்" என்று நாலு சொல்லில் முடிப்பாள்.

நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

2008 ஜனவரியில் ஒருநாள் மதியம், கூட்டம் கோக்கோ டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அன்செல்மா என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டாள். தோட்டத்து வாசலில் ஒரு மேசையும், அதன் மேல் விருந்தினர் ஏடும், நூலில் கட்டிய பேனாவும் இருக்கும். போகிறவர்கள் பெயரும் முகவரியும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போவார்கள். அவள் அந்த ஏட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"காஸ்பார், போன செவ்வாக்கிழமை உன் வேன்ல ஒரு அம்மா வந்தாங்களே, சாம்பல் நிறத் தொப்பி. கடைசியிலேயே நின்னுட்டிருந்தாங்க. ஞாபகம் இருக்கா?"

"பதினாலு பேர் வந்தாங்க அன்செல்மா. எல்லார் தலையிலயும் தொப்பி. ஏன், எதையாவது மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்களா?"

"இதப் படி."

படித்தேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. தோட்டம் அழகு. கோக்கோ டீ அதைவிட அருமை. எங்கள் வழிகாட்டி ப்ளாஸே. கீழே பெயர்: ஒடெட் கோர்மியே, மாங்க்டன், கனடா. தெரு பெயர், வீட்டு எண் எல்லாம் இருந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பேச்சு க்வேயோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது, இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் பாதியில் போனது. க்வேயோலில் காயப்பட்டவரை ப்ளேஸே என்போம். கத்தி பட்டாலும் ப்ளேஸே, மனசில் அடிபட்டாலும் ப்ளேஸே. எழுதிய பெண்மணியின் பெயரும் பிரெஞ்சுப் பெயர். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வேறு என்ன நினைப்போம்?

"நம்ம சொல்லு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"பேரப் பாரு. அவங்க ஊர்லயும் நம்மள மாதிரிப் பேசுவாங்களா இருக்கும்." அவள் விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். "முக்கால் மணி நேரம் காஸ்பார். முக்கால் மணி நேரம் பாத்துட்டு ஒரு அயலூர் அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. இந்தத் தோட்டத்துல பன்னெண்டு பேர் இருக்கீங்க. மூணு வருஷம் ஆச்சு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நீ சொல்லலியே" என்றேன்.

"அவங்ககிட்ட மட்டும் சொன்னேனா?"

அடுத்த சில வாரம் அன்செல்மாவிடம் ஒரு மாற்றம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. தலையில் வேறு துணி கட்டினாள். தோட்டத்துச் சமையற்காரி மா க்ளோத்தில் பொரித்து வைத்த பேக்ஸ் ரொட்டியை எடுத்து, கருவாட்டோடு நின்றபடியே தின்றாள். அதற்கு முன்னால் மதியம் அவள் சாப்பிட்டே யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தாள். தப்பிருந்தால் திருத்தித் தபாலில் போடச் சொன்னாள். நான் படித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அன்புள்ள அம்மா, நீங்கள் என்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன். உங்களுக்கு நன்றி. நீங்கள் எழுதியது உண்மை. நான் ப்ளாஸேதான். மூன்று வருடமாக ப்ளாஸே. என் தங்கை என்னை விட்டுப் போன நாளிலிருந்து. என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியவில்லை. என் தங்கைக்கும் தெரியாது, நான் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்தவர்களுக்குத்தான் அடுத்தவரிடம் அது தெரியும். நீங்கள் மறுபடி வந்தால் என் வீட்டில் தங்கலாம். ஒரு கட்டில் சும்மா இருக்கிறது."

நான் திருத்த ஒன்றுமில்லை. தபாலில் போட்டேன்.

பிப்ரவரி கடைசியில் தோட்டத்தில் கூட்டம் நடந்தது. மேலாளர் வெர்லிண்டா முப்பது வயதுப் பெண். பார்படோஸில் ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவள். கெட்டவள் கிடையாது. மாதம் ஒரு தடவை எல்லாரையும் சமையற்கட்டுப் பெஞ்சில் உட்கார வைத்து, ஏட்டில் எழுதியதைப் படிப்பாள். அன்று நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கோக்கோ டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இது நல்லா இல்ல" என்று ஒரு பக்கத்தைத் திறந்தாள். "பேர் சொல்ல வேணாம்னு பாத்தேன். ஆனா வழிகாட்டின்னு போட்டிருக்கு, நம்மகிட்ட ஒருத்தங்கதான் இருக்காங்க. மிஸ் அன்செல்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள ப்ளாஸேன்னு எழுதியிருக்காங்க."

அன்செல்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியும் மிஸ். படிச்சேன். நல்ல மனசு அவங்களுக்கு."

வெர்லிண்டா குழம்பிப் போய்ப் பார்த்தாள். "நல்ல மனசா? மிஸ் அன்செல்மா, அது... அது பாராட்டு இல்ல. எல்லாத்தையும் பாத்துப் பாத்து அலுத்துப் போயி, எது நடந்தாலும் எனக்கென்னன்னு இருக்கறவங்களத்தான் அப்படிச் சொல்வாங்க. உங்களுக்கு இங்க வர்றவங்க மேல அக்கறையே இல்ல, எப்ப முடியும்னு இருக்கீங்க, அப்படின்னு எழுதியிருக்காங்க."

மா க்ளோத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள். யாரோ ஒருத்தன், யார் என்று சொல்ல மாட்டேன், மெதுவாகச் சிரித்தான். நான் கடிதத்தை நினைத்தேன். அது இந்நேரம் பனியில் ஏதோ ஒரு தபால்பெட்டிக்குள் விழுந்திருக்கும். நான் ப்ளாஸேதான், மூன்று வருடமாக ப்ளாஸே.

அன்செல்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, தோட்டத்து வழியாகக் கீழே இறங்கிப் போய்விட்டாள். செருப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. இருபத்தோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் செருப்பையும் ஒரு கறிப்பலாக்காயையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்செல்மா படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டுத்தாள்.

"டவுன் நூலகத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். "பெரிய அகராதி வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு எழுதிட்டு வந்தேன். கேளு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "வாழ்க்கையோட இன்பங்கள அளவுக்கு மேல அனுபவிச்சதால சலிச்சுப் போனவர்."

தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அளவுக்கு மேல அனுபவிச்சேனாம் காஸ்பார். நானு!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டையும், ஓட்டையாகிப்போன கூரையோரத்து மழைத்தண்ணீர்த் தகரத்தையும், நாலு கோழியையும் காட்டிக் காட்டிச் சிரித்தாள். "இத அனுபவிச்சேன், அத அனுபவிச்சேன்!" பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆனா தப்பா எழுதல அந்தம்மா" என்றாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். போன வாரம் வந்தவங்கள்ல ஒரு மூஞ்சி ஞாபகம் இருக்கான்னு. ஒண்ணுகூட இல்ல. போன வருஷம் வந்ததுலயும் இல்ல. பேசறேன், ஆடறேன், எங்கயோ இருக்கேன். அவங்களுக்கு எப்படித் தெரியும் எனக்கு உள்ள என்னன்னு? வெளில இருக்கறதத்தான் எழுதினாங்க."

"லெட்டர்?"

"அத விடு. படிச்சுட்டுச் சிரிக்கட்டும். கனடால இருக்கறவங்க சிரிச்சா இங்க கேக்காது."

மறுநாள் வேலைக்கு வந்தாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அவள் ஒரு தடவை சரியாகவும் பயன்படுத்தினாள். மார்ச்சில் வந்த கூட்டத்தில் பருமனாக ஒரு ஆள், தொடக்கத்திலிருந்தே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கோக்கோ காயை வெட்டி, வெள்ளைச் சதை சுற்றிய விதையைச் சுவைக்கக் கொடுத்தால், வேண்டாம் என்றார். "செவ்வாய்க்கிழமை டொமினிக்காவிலும் இதையேதான் காட்டினார்கள். புதன்கிழமை மார்ட்டினிக்கில் இதேதான்" என்றார் மனைவியிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அன்செல்மா அவர் முன்னால் வந்து நின்றாள். தலைக்கு மேலே பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க ப்ளாஸே."

கூட்டம் சிரித்துத் தள்ளியது. அவர் மனைவிதான் அதிகம் சிரித்தாள். "முப்பது வருஷமா இந்த ஆளுக்கு இதுதான்மா, இப்பத்தான் யாரோ பேர் சொல்றாங்க!" அந்த ஆளும் சிரித்துவிட்டு, விதையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வெர்லிண்டாவுக்கு விஷயம் போனது. அவள் அன்செல்மாவைக் கூப்பிட்டு, "இனிமே அப்படிச் சொல்லாதீங்க, சரியா?" என்றாள். ஆனால் சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது.

ஏப்ரலில் கனடாவிலிருந்து பதில் வந்தது. அன்செல்மா அதை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தாள். பிறகு என் வேனில் உட்கார்ந்து, கூட்டம் சாப்பிடப் போனபோது, என்னையே படிக்கச் சொன்னாள்.

அந்த அம்மா எழுதியிருந்தார்: முதல் தடவை படித்தபோது கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது ஒன்றும் புரியவில்லை. பிறகு என் அம்மா பேசிய பிரெஞ்சில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நீங்கள் காயத்தைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. நான் எழுதியது அந்தச் சொல் இல்லை. ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதினேன், அன்றைக்கு எனக்குக் கோபம். விடுமுறைக்காக ஆறு வருடம் காத்திருந்து வந்தேன், நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. உங்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் தங்கைக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எனக்கு எழுதிவிட்டீர்கள். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உறைக்குள் அவளுடைய கடிதமும் இருந்தது.

"பொய் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அன்செல்மா. "ஆமா, காயத்தத்தான் எழுதினேன்னு ஒரு வார்த்த எழுதிப் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிடும்?" ஆனால் இரண்டு கடிதத்தையும் பத்திரமாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவிடமிருந்து அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவளும் எழுதவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, நான் அவள் வீட்டில் ஏணி போட்டு அந்தத் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்தது. "ஆமா... இல்ல... சரி..." வழக்கம்போல. ஆனால் போனை வைக்கிற சத்தம் மட்டும் வரவில்லை. நான் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"தியோ, நான் ப்ளேஸே" என்றாள் அன்செல்மா. க்வேயோலில்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"இல்லடி, கால்ல இல்ல. கத்தியெல்லாம் ஒண்ணும் படல. நீதான் பண்ணின. நாலு மாசம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம... வெள்ளிக்கிழம சொல்ற, திங்கக்கிழம போற. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? கேலி பண்ணியிருப்பேன், அழுதிருப்பேன், உனக்குத் துணி மடிச்சுக் குடுத்திருப்பேன். அதுக்குக்கூட என்ன விடலயே."

பிறகு அவள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை, "ஏன் நீ சொல்லவே இல்ல?" என்றாள். பின்னால் அவள் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். தியோடோரா லீட்ஸில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்த்தாளாம். ஆர்தர் நல்ல மனிதர்தானாம், ஆனால் சாயங்காலமெல்லாம் டிவி பார்ப்பாராம், பேச மாட்டாராம். மூன்று வருடமாக ஞாயிறு வருமா என்று காத்திருந்து கூப்பிட்டால், அக்காள் "சரி, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுவாளாம். அக்காளுக்குத் தான் தேவையே இல்லை, போனதே நல்லது என்று இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்துவிட்டது. "நீ அப்படி ப்ளாஸேவா இருந்தா நான் என்ன சொல்றது?" என்று கேட்டாளாம்.

"அவ வாயிலயும் அதே சொல்லு!" என்றாள் அன்செல்மா. "அன்னைக்குப் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப வெக்கமாத்தான் இருந்துச்சு காஸ்பார். அவகிட்டருந்து வந்தப்பத்தான் வலிச்சுது."

அதற்குப் பிறகு ஞாயிற்றுப் பேச்சு நீண்டது. மாப்பிள்ளை வசனத்தை அன்செல்மா விட்டுவிட்டாள். அந்த இடத்தில் வேறொன்றும் சொல்வதில்லை, சும்மா ஆடுவாள். கூட்டம் காலைப் பார்க்கும். அவள் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அலுப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் அலுப்பாகத்தான் இருந்தாள். ஆனால் அலுப்பாக இருக்கிறது என்று சொன்னாள்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஆர்தர் இறந்துபோனார். லீட்ஸில் வீட்டுத் தோட்டத்துப் படியில் ஏறும்போது விழுந்தாராம், மூன்று நாளில் போய்விட்டார். அன்செல்மா அவருக்காகப் பூசை வைத்தாள், நிஜமாகவே அழுதாள். பிறகு வீட்டில் வேலை தொடங்கியது. தங்கையின் கட்டில் இருக்கிற பக்கத்துச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள், நான்தான் டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தேன். மெத்தையை வெயிலில் போட்டாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். "தியோ வருவாளா?" என்று நான் கேட்டபோது, "பேப்பர் வேலையெல்லாம் இருக்குல்ல, முடிச்சுட்டுத்தான வரணும்" என்றாள். கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி போனது. வர்றேன் என்று தியோடோரா சொன்னதாக நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்செல்மாவும் கேட்டிருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் அவளுக்குப் போன் வந்தது. நான் பார்த்தேன், வாழைமரங்களுக்கு அந்தப் பக்கமாக நடந்துகொண்டே பேசினாள். பத்து நிமிடம். திரும்பி வந்து இரண்டாவது கூட்டத்தைச் சுற்றிக் காட்டினாள், ஆடினாள், எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் கடைசி வேனில் வழக்கம்போல என் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவளை வீட்டுப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் நான் டவுன் வழியாகத் துறைமுகத்துக்குப் போவேன். பின்னால் பதினோரு பேர்.

முதல் வளைவு திரும்பியதும் சொன்னாள். "அவ வரல. அந்த வீட்டிலயே இருக்கப் போறாளாம். வேலை இருக்கு, அங்க கோயில்ல பாட்டுக் குழுவில சேந்திருக்காளாம். பழகிடுச்சு அக்கா, அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"வந்து என்கூட இருன்னு சொன்னேன். கெஞ்சினேன் காஸ்பார். இந்தத் தடவை சரின்னு சொல்லிட்டுப் போகல. கெஞ்சினேன். அப்பவும் இல்லன்னுட்டா."

அவள் அழ ஆரம்பித்தாள். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள்.  கண்ணாடியில் பார்த்தேன், பதினோரு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவும் இடமில்லை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான பெண் ஒருத்தி முன்னால் சாய்ந்து அன்செல்மாவின் தோளைத் தொட்டாள். "உங்களுக்கு ஒன்றுமில்லையே, அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அன்செல்மா தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். "இருக்கு" என்றாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. பேரு தியோடோரா." பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்று நின்று, அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். அவள் வீட்டுத் திருப்பம் வந்தது. நான் நிறுத்தவில்லை. சூஃப்ரியேர் டவுனைத் தாண்டி, வடக்கே மேட்டில் ஏறும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் வெளியே பார்க்கவில்லை.